பிரிட்டன் காடுகளின் சிற்றெலிகள்: எது எங்கே வாழ்கிறது, ஏன் அங்கே?

பிரிட்டனுக்குக் குடிவந்த நம்மவர்கள் பலர் வார இறுதிகளில் காட்டு நடை போகப் பழகிவிட்டார்கள். போய்வந்தபின் அவர்கள் கேட்கும் கேள்விகளில் பறவைகளுக்கு அடுத்தபடியாக எலிகள்தான் அதிகம் வருகின்றன. ஓடியது என்ன? அது ஏன் இந்தக் காட்டில் இருக்கிறது, பக்கத்துக் காட்டில் இல்லை? அந்தக் கேள்விகளையும் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். காட்டுக்குள் போனால் நாம் அண்ணாந்து மரத்தைப் பார்க்கிறோம். இந்த எலிகளுக்கோ தரையிலிருந்து நம் இடுப்பு உயரம் வரை என்ன வளர்ந்திருக்கிறது என்பதுதான் வாழ்வா சாவா என்ற விஷயம். கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் அதைச் சுற்றியே போகும்.

பிரிட்டன் காடுகளில் இருக்கும் சின்ன எலி வகைகள் எவை?

முக்கியமாக நான்கு. காட்டுச் சுண்டெலி, மஞ்சள் கழுத்துச் சுண்டெலி, பேங்க் வோல், ஹேசல் டார்மவுஸ். அணில்களும் கொறிப்பான்கள்தான், ஆனால் அவற்றின் கதை தனி, இங்கே எடுக்கவில்லை. ஃபீல்ட் வோல் என்று இன்னொன்று உண்டு. அது புல்வெளிக்காரன். புதிதாக மரம் நட்ட இடத்தில் புல் உயரமாக இருக்கும்வரை தங்கும், மரம் வளர்ந்து நிழல் விழுந்ததும் போய்விடும்.

கூர்மூக்கோடு சருகுக்குள் கீச்சிட்டு ஓடும் ஷ்ரூ எலியே அல்ல. நம்மூர் மூஞ்சூறின் குடும்பம் அது. விதையைத் தொடாது, பூச்சியும் மண்புழுவும் தின்னும்.

காட்டுச் சுண்டெலியை எங்கு போனாலும் சொல்கிறார்கள். அதற்கு விருப்பமான இடம் என்று ஒன்று உண்டா?

உண்டு, ஆனால் அது பிடிவாதக்காரன் அல்ல. இலையுதிர் காடு, உயிர்வேலி, தோட்டம், கோதுமை வயல், கடலோர மணல்மேடு என்று எல்லா இடத்திலும் இருக்கும். பிரிட்டன், அயர்லாந்து இரண்டிலும் பரவியிருக்கிறது. சுமார் 20 கிராம் எடை, பெரிய கண், பெரிய காது, உடம்பு அளவுக்கு வால். இரவில்தான் வெளியே வரும். அந்தக் கண்ணும் காதும் இருப்பதால் அடர்ந்த புதர் இல்லாத வெறும் சருகுத் தரையிலும் துணிந்து ஓடும். ஓக் கொட்டை, பீச் கொட்டை, ஹேசல் கொட்டை, செடி விதைகள் இவைதான் முக்கிய உணவு. விதை கிடைக்காத வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் புழு பூச்சிகளுக்கு மாறிக்கொள்ளும். எங்கும் பரவ முடிந்ததற்கு இந்த மாறும் குணமே காரணம் என்பது என் எண்ணம்.

வயல்களில் அது வாழும் விதம் தனியாகச் சொல்லத் தக்கது. கோடையில் பயிர் உயர்ந்ததும் காட்டோரத்திலிருந்தும் உயிர்வேலியிலிருந்தும் பல எலிகள் வயலுக்குள் நகர்கின்றன. அறுவடையின்போது என்ன ஆகும்? ஆக்ஸ்ஃபோர்ட் ஆய்வாளர்கள் ரேடியோ காலர் மாட்டி 33 எலிகளைத் தொடர்ந்தார்கள். 1993இல் வெளிவந்த அந்த ஆய்வில், அறுவடை இயந்திரத்தில் நேரடியாகச் சிக்கிச் செத்தது ஒன்றே ஒன்று. ஆனால் பயிர் போனபின் 17 எலிகளை ஆந்தையும் வீசல் (weasel) என்ற சின்ன வேட்டை விலங்கும் பிடித்துத் தின்றுவிட்டன. எலியைக் கொன்றது கத்தி அல்ல, மறைவிடம் காணாமல் போனதுதான். ‘வாழிடம்’ என்ற சொல்லுக்கு உண்மையில் என்ன பொருள் என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இந்த ஆய்வைத்தான்.

இன்னொரு செய்தி. திறந்த வெளியில் வழி தெரிய, காட்டுச் சுண்டெலி இலை, குச்சி போன்றவற்றை எடுத்துவந்து அடையாளமாக வைக்கிறது. 2003இல் வெளியான ஆய்வில் எலிகளுக்கு வெள்ளைப் பிளாஸ்டிக் வில்லைகள் கொடுத்துப் பார்த்தார்கள். தாங்கள் தேடிக்கொண்டிருந்த இடங்களில் அவற்றை நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டன.

வோல் என்பது என்ன? அது எங்கே இருக்கும்?

மொண்ணை மூக்கு, ரோமத்துக்குள் பாதி மறைந்த சின்னக் காது, உடம்பில் பாதி நீளம்கூட வராத வால், செம்பழுப்பு முதுகு. இதுதான் பேங்க் வோல். சுண்டெலியைவிடக் கொழுக்கென்று இருக்கும், தாவுவதைவிடக் குடுகுடுவென்று ஓடும்.

இதற்கு மேலே மூடாப்பு வேண்டும். பிராம்பிள் என்ற நாவல்நிறப் பழம் தரும் முட்கொடி பிரிட்டன் காடுகளில் படர்ந்து கிடக்குமே, அதன் அடிவாரம்தான் வோலின் ஊர். பிரேக்கன் பெரணி, விழுந்து கிடக்கும் மரம், உயிர்வேலியின் அடிப்பகுதி இவையும் பிடிக்கும். இந்த மூடாப்புக்குள் ஓடி ஓடித் தடம் போட்டு வைத்திருக்கும். மரம் எவ்வளவு பழமையானது, எவ்வளவு உயரம் என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பிரமாதமான பீச் காட்டில், அடியில் வெறும் சருகு மட்டும் இருந்தால், வோல் அபூர்வம். நகரத்துக்குள் யாரும் கவனிக்காத ஒரு மூலையில் முட்புதர் மண்டியிருந்தால் அங்கே இருக்கும்.

காட்டுச் சுண்டெலியும் வோலும் ஒரே காட்டில் எப்படி ஒத்துப்போகின்றன?

நேரம், உணவு, இடம் மூன்றையும் பிரித்துக்கொள்கின்றன. சுண்டெலி இரவில் மட்டும். வோல் பகலும் இரவும் சில மணிக்கொரு முறை வெளியே வந்து போகும். அதனால்தான் பகல் நடையில் நீங்கள் பார்த்த எலி பெரும்பாலும் வோலாக இருக்கும். சுண்டெலிக்கு விதை முக்கியம், வோலுக்கு இலை, மொட்டு, பழம், காளான், குளிர்காலத்தில் மரப்பட்டை. சுண்டெலி திறந்த தரையில் நெடுந்தூரம் அலையும், வோல் புதரை விட்டு வெளியே வரத் தயங்கும். எல்லை துல்லியமானது அல்ல. இலையுதிர் காலத்தில் கொட்டைகள் உதிரும்போது இரண்டும் ஒரே மரத்தடியில் மேயும்.

மஞ்சள் கழுத்துச் சுண்டெலியை எப்படி அடையாளம் காண்பது? அது ஏன் தெற்கில் மட்டும்?

கழுத்தின் கீழே, ஒரு முன்காலிலிருந்து மறு முன்கால்வரை, முழுப் பட்டையாக மஞ்சள் நிறம் ஓடும். காட்டுச் சுண்டெலிக்கும் மார்பில் மஞ்சள் பொட்டோ கோடோ இருக்கலாம், ஆனால் பட்டையாக இணையாது. உடம்பும் பெரிது, ஏறத்தாழ ஒன்றரை மடங்கு எடை. இந்த இனத்தை 1834இல் டென்மார்க்கில் மெல்க்யோர் விவரித்தார். பிரிட்டனிலும் இது இருக்கிறது என்று டி விண்டன் எழுதியது 1894இல்தான். அத்தனை காலம் கண்ணில் பட்டும் பிரித்துப் பார்க்காமல் இருந்திருக்கிறார்கள்.

இதன் பரவல் ஒரு நல்ல புதிர். பிரிட்டனில் தென் இங்கிலாந்து, கிழக்கே எசெக்ஸ், சஃபோக் பக்கம், மேற்கே வேல்ஸும் அதன் எல்லைப்புறமும், அவ்வளவுதான். ஸ்காட்லாந்தில் இல்லை, அயர்லாந்தில் இல்லை. குளிர் தாங்காது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் இதே எலி ஸ்காண்டிநேவியாவில் பிரிட்டனைவிடக் கடுமையான குளிரில் வாழ்கிறது. அப்படியானால் குளிர்காலம் தடை இல்லை. கோடைதான் தடை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பிரிட்டனின் வடக்கும் மேற்கும் கோடையில் மந்தமாகவும் ஈரமாகவும் இருக்கும், அங்கே மரங்கள் ஆண்டுதோறும் நம்பிக்கையாகக் காய்ப்பதில்லை. விதையை இந்த அளவுக்கு நம்பி வாழும் எலிக்கு அது போதாது. அதனால்தான் பலவகை மரங்கள் கொண்ட முதிர்ந்த காடுகளில், முக்கியமாக 1600ஆம் ஆண்டுக்கு முன்பிருந்தே காடாக இருந்துவருபவை என்று இங்கிலாந்தில் வகைப்படுத்தும் பழங்காடுகளில், இது அதிகம் கிடைக்கிறது.

மரம் ஏறுவதில் கெட்டிக்காரன். இலையுதிர் காலத்தில் காட்டோர வீடுகளின் பரணுக்கும் வரும்.

ஹேசல் டார்மவுஸ் ஏன் இவ்வளவு அபூர்வம்?

இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்வேன், ஏனென்றால் இதை நாம் இழந்துகொண்டிருக்கிறோம். பொன்னிற ரோமம், கறுப்பு மணிக் கண்கள், ரோமம் அடர்ந்த வால். கோடையில் 20 கிராமுக்கும் குறைவாக இருக்கும், தூங்கப் போகுமுன் தின்று தின்று 30 கிராமைத் தாண்டும். அக்டோபர், நவம்பரில் தரையில் சருகுக்கு அடியில் உருண்டைக் கூடு கட்டிப் படுத்தால் ஏப்ரல், மே மாதம்தான் எழும். மீதி மாதங்களில் தரையில் இறங்காமல் புதர்களிலும் கிளைகளிலுமே வாழும்.

இதன் பிரச்சினை வயிற்றில் தொடங்குகிறது. இலையின் நார்ச்சத்தைச் செரிக்க மற்ற கொறிப்பான்களுக்கு உதவும் குடல்பை இதற்கு இல்லை. ஆகவே இலையைத் தின்று காலம் தள்ள முடியாது. எழுந்ததும் பூ வேண்டும்: ஹாதார்ன் பூ, ஓக் பூ, ஹனிசக்கிள் பூ. பூ முடிந்தால் புழுவும் அசுவினியும். அப்புறம் பிராம்பிள் பழம். கடைசியில் கொழுப்பு சேர்க்க ஹேசல் கொட்டை. இவை ஒன்றன்பின் ஒன்றாக, இடைவெளி விடாமல், அதன் சின்ன வட்டாரத்துக்குள்ளேயே கிடைக்க வேண்டும். ஒரு வாரம் இடைவெளி விழுந்தாலும் கஷ்டம். ஒரு வகை மரம் மட்டும் வளர்ந்த காடு எவ்வளவு பெரிதாக இருந்தும் இதற்குப் பயனில்லை.

அடுத்த தேவை கிளைக்குக் கிளை தொடர்ச்சி. திறந்த தரையைக் கடக்க இது மிகவும் தயங்கும். முற்காலத்தில் ஹேசல் மரங்களை முறைவைத்து அடியோடு வெட்டித் துளிர்க்கவிடும் வழக்கம் ஊர்தோறும் இருந்தது. வேலிக்கும் விறகுக்கும் கழி எடுக்கச் செய்த வேலை அது. காட்டின் ஒரு பகுதி வெட்டிய புதிதாக, இன்னொன்று புதராக, இன்னொன்று காய்க்கும் வயதில் என்று எல்லாப் பருவமும் அருகருகே இருந்தன. டார்மவுஸுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது. இருபதாம் நூற்றாண்டில் கழிக்குத் தேவை போனது, வெட்டும் வழக்கம் நின்றது, மரங்கள் ஓங்கி மேலே மூடிக்கொண்டன, அடிப்புதர் நிழலில் செத்தது. வயல்களை அகலமாக்க உயிர்வேலிகளைப் பிடுங்கினார்கள். காடுகள் துண்டு துண்டாகத் தனித்துப்போயின. போதாக்குறைக்குக் குளிர்காலம் வெதுவெதுப்பாகும்போது இடையில் விழித்துச் சேமித்த கொழுப்பைச் செலவழிக்கிறது.

இன்று கெண்ட், சசெக்ஸ், டெவன், கார்ன்வால் போன்ற தெற்கு மாவட்டங்களிலும் வேல்ஸிலும்தான் அதிகம், வடக்கில் அங்கங்கே சிதறல். டார்மவுஸ் தங்குவதற்காக மரங்களில் மாட்டிவைக்கும் கூடுப்பெட்டிகளில் எடுத்த கணக்கெடுப்பின்படி 2000ஆம் ஆண்டிலிருந்து எண்ணிக்கை சுமார் 70 சதவீதம் குறைந்திருக்கிறது. 1993 முதல் பழைய இடங்களில் மீண்டும் கொண்டுவிடும் முயற்சிகள் நடக்கின்றன. அவை பலிக்க வேண்டுமானால் காட்டைக் கவனிக்கும் ஆளும் அங்கே தொடர்ந்து இருக்க வேண்டும், எலியை மட்டும் கொண்டுவிட்டால் போதாது.

ஒரு வருஷம் எலி ஏராளமாக இருக்கிறது, அடுத்த வருஷம் காணோம். ஏன்?

சாதாரணமாகவே இலையுதிர் காலத்தில் எண்ணிக்கை உச்சத்தில் இருக்கும், வசந்தத்தில் அடிமட்டத்துக்கு வரும். பெரும்பாலான சுண்டெலிகளும் வோல்களும் ஓராண்டுகூட வாழ்வதில்லை. அதற்கு மேல் ஓக், பீச் மரங்களின் காய்ப்பு விளையாடுகிறது. சில ஆண்டுகளில் வட்டாரம் முழுக்க எல்லா மரமும் சேர்ந்து அமோகமாகக் காய்க்கும். அந்தக் குளிர்காலத்தில் எலிகள் பிழைத்துக்கொள்ளும், சில நேரம் குளிரிலேயே குட்டியும் போடும். காய்ப்புப் பொய்த்த ஆண்டில் தலைகீழ்.

இதன் விளைவு எலியோடு நிற்பதில்லை. ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகே உள்ள வைதம் காட்டில், 1940களின் பிற்பகுதியிலிருந்து பத்தாண்டுகளுக்கும் மேல் டானி ஆந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார் எச். என். சதர்ன். அங்கே ஆந்தைகளின் முக்கிய இரை சுண்டெலியும் வோலும்தான். 1958இல் எலிகள் மிகவும் குறைந்துபோயின. அந்த ஆண்டு அங்கே ஒரு ஆந்தை ஜோடிகூட இனப்பெருக்கம் செய்யவில்லை.

மான்களுக்கும் எலிகளுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. பிரிட்டனில் மான்களை அடக்கும் ஓநாய் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டது. ரோ மான், ஃபாலோ மான், சீனாவிலிருந்து கொண்டுவந்து தப்பிப் பெருகிய மன்ட்ஜாக் எல்லாம் சேர்ந்து காட்டின் அடிப்புதரை மேய்ந்துவிடுகின்றன. பிராம்பிள் போனால் வோலுக்குக் கூரை போனது போல. வேலியிட்டு மான் நுழையாமல் தடுத்த இடங்களில் புதர் திரும்பியதும் வோலும் கூடுவதைப் பார்த்திருக்கிறார்கள். காட்டுச் சுண்டெலி அந்த அளவுக்குப் பாதிக்கப்படுவதில்லை. வெட்டிவிட்ட ஹேசல் துளிரை மான் தின்றால் டார்மவுஸுக்கும் நஷ்டம்.

மானைப் பார்த்தால் எல்லோருக்கும் மகிழ்ச்சிதான், எனக்கும். ஆனால் தரையில் ஒன்றுமே வளராமல் மைதானம் மாதிரி இருக்கும் காட்டை ‘சுத்தமான காடு’ என்று பாராட்டும்போது மனம் ஒப்புவதில்லை.

தீவுகளில் இந்த எலிகள் எப்படி வந்தன?

மனிதர்களோடு வந்தவை பல. அயர்லாந்தில் பேங்க் வோலை முதன்முதலில் கண்டது 1964இல், கெரி மாவட்டத்தில். 1920களில் ஷானன் ஆற்று மின்திட்டத்துக்காக ஜெர்மனியிலிருந்து இறக்கிய இயந்திரங்களோடு வந்திருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள், மரபணுவும் ஜெர்மனியைத்தான் காட்டுகிறது. அதிலிருந்து தெற்கு, மேற்குப் பகுதிகளில் ஆண்டுக்குச் சுமார் 2 கிலோமீட்டர் வீதம் பரவிக்கொண்டிருக்கிறது. அது போன இடங்களில் காட்டுச் சுண்டெலி குறைகிறது.

வேல்ஸ் கரைக்கு அப்பால் ஸ்கோமர் தீவில் உள்ள வோல் தனி உள்ளினம், பெருநிலத்து வோலைவிடப் பெரிது. ஸ்காட்லாந்துக்கு மேற்கே நடுக்கடலில் இருக்கும் செயின்ட் கில்டாவில் மரமே இல்லை, ஆனாலும் காட்டுச் சுண்டெலி இருக்கிறது, பெருநிலத்து எலியைப்போல் ஏறத்தாழ இருமடங்கு எடையில். 1930இல் அங்கிருந்த மக்கள் முழுவதுமாக வெளியேறினார்கள். வீடுகளை நம்பி வாழ்ந்த அத்தீவின் வீட்டுச் சுண்டெலி சில ஆண்டுகளுக்குள் அழிந்துபோயிற்று. காட்டுச் சுண்டெலி இன்றும் இருக்கிறது.

பரணில் பெரிய சத்தம் கேட்கிறது. சாம்பல் நிறம், அணில் மாதிரி வால். இது என்ன?

சில்டர்ன் குன்றுப் பக்கம் வீடு என்றால் அது க்ளிஸ் என்ற பெரிய டார்மவுஸாக இருக்கலாம். 1902இல் ட்ரிங் என்ற ஊரில் வால்ட்டர் ராத்ஸ்சைல்டு வளர்த்தவற்றிலிருந்து வெளியேறிப் பரவியது. நூறாண்டு கடந்தும் பெரும்பாலும் அந்தச் சுற்றுவட்டாரத்தைத் தாண்டவில்லை. பீச் மரம் காய்க்காத ஆண்டில் குட்டியே போடாது. நீங்களாகப் பொறிவைத்துப் பிடிக்கச் சட்டம் அனுமதிக்காது, உரிமம் உள்ளவரைத்தான் அழைக்க வேண்டும்.

நானே ஆய்வு செய்யலாமா? பொறி வைக்கலாமா?

சுண்டெலிக்கும் வோலுக்கும் உயிரோடு பிடித்து விடும் லாங்வர்த் பொறியைப் பயன்படுத்துகிறார்கள். 1940களில் ஆக்ஸ்ஃபோர்டில் உருவான அலுமினியப் பொறி அது. ஆனால் உள்ளே ஷ்ரூ மாட்டினால் சில மணி நேரம் உணவின்றி இருந்தாலே செத்துவிடும். பொறிக்குள் உலர்புல்லும் தானியமும் ஈப்புழுக் கூடும் வைத்து, அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும். பழகியவர்களோடு சேர்ந்து கற்றுக்கொள்ளாமல் தனியாக இறங்காதீர்கள். ஹேசல் டார்மவுஸ் சட்டப் பாதுகாப்பு பெற்றது, அதன் கூட்டைத் தொந்தரவு செய்ய உரிமம் வேண்டும். காட்டில் கூடுப்பெட்டி தொங்கினால் திறந்து பார்க்காமல் வந்துவிடுங்கள்.

பொறி இல்லாமல், எலியைப் பார்க்காமல், எது இருக்கிறது என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

உண்டு, எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். இலையுதிர் காலத்தில் காய்த்த ஹேசல் மரத்தடியில் உட்கார்ந்து, ஓட்டை விழுந்த கொட்டை ஓடுகளைப் பொறுக்குங்கள். ஒரு பூதக்கண்ணாடி போதும்.

ஓடு இரண்டாகப் பிளந்திருந்தால் அணில், அதை ஒதுக்கிவிடலாம். வட்ட ஓட்டை இருந்தால் அதன் உள்விளிம்பைப் பாருங்கள். விளிம்பில் குறுக்காக வரிவரியாகப் பல்தடம், ஓட்டின் வெளிப்பரப்பிலும் கீறல்கள் என்றால் சுண்டெலி. விளிம்பில் வரி இருக்கிறது, வெளிப்பரப்பில் கீறலே இல்லை என்றால் வோல். விளிம்பு வழவழப்பாக, செதுக்கி இழைத்ததுபோல் இருந்து, ஓட்டையைச் சுற்றி வெளிப்பரப்பில் சாய்வான பல்தடங்கள் தெரிந்தால் அது டார்மவுஸ். காட்டுச் சுண்டெலியையும் மஞ்சள் கழுத்தையும் இந்த முறையில் பிரிக்க முடியாது. 1993இல் நாடு முழுக்கப் பொதுமக்களைக் கொண்டு இப்படிக் கொட்டை பொறுக்கவைத்துத்தான் டார்மவுஸ் எங்கெங்கே மிஞ்சியிருக்கிறது என்று தேடினார்கள். குழந்தைகளுக்கும் நன்றாக வரும் வேலை. கை கழுவாமல் சாப்பிட மட்டும் விடாதீர்கள், நடந்து முடித்ததும் காலில் உண்ணி ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

டார்மவுஸ் என்று சந்தேகம் வந்தால் ஓடுகளை ஒரு டப்பாவில் போட்டு, இடத்தையும் தேதியையும் எழுதி ஒட்டி, அந்த மாவட்டத்தின் உயிரினப் பதிவு மையத்துக்கு அனுப்புங்கள். விளிம்பு தெளிவாகத் தெரியும்படி எடுத்த படம் இருந்தால் அதையே முதலில் அனுப்பலாம்.